மேஜை மேல் ஒரு பிஸ்டன்

போன செமஸ்டர் சிம்போசியத்துக்கு எங்க பேட்ச் செஞ்ச ஒரே உருப்படியான வேலை, ஒரு பழைய பைக் பிஸ்டனைக் கண்ணாடி மாதிரி ஆக்கினதுதான். மண்ணெண்ணெயில் ஊறவெச்சு, மேலே ஒட்டியிருந்த கரியைச் சுரண்டினோம். அப்புறம் 220-ல ஆரம்பிச்சு 400, 800, 1200, 2000-னு வாட்டர் பேப்பர். ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் தேய்க்கிற திசையைக் குறுக்காக மாத்தி, முந்தின கீறல் போகிற வரைக்கும் தேய்ச்சோம். கடைசியா பஃபிங் வீல்ல துணிச் சக்கரம் போட்டு, பாலிஷ் கட்டி தடவி ஓட்டினோம். ரெண்டு நாள் கை வலி. ஆனா பிஸ்டன்ல எங்க முகம் தெரிஞ்சது. ஸ்டால்ல வெச்சோம், எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க. இப்போ அது எச்.ஓ.டி. மேஜையில் பேப்பர் பறக்காம பார்த்துக்குது.

அதைப் பார்த்த எங்க ஒர்க்‌ஷாப் அண்ணா பாராட்டல. பக்கவாட்டில் மெல்லிசா வரி வரியா இருந்ததே, அது எங்கேன்னு கேட்டார். தேய்ச்சு எடுத்துட்டோம்னு பெருமையா சொன்னோம். அந்த வரிகள்தான் ஆயிலைப் பிடிச்சு வெச்சுக்கும், இனிமே இது பேப்பர் வெயிட்டுக்குத்தான் லாயக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

ஒரு நல்ல பிஸ்டனைப் பேப்பர் வெயிட் ஆக்கினவங்க நாங்க. நேர் எதிரா, ஒரு பேப்பர் வெயிட்டைப் பிஸ்டன் ஆக்கின மனுஷர் ஒருத்தர் இருந்தார். அவர் பேரை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. ஆனா அந்தப் பேரைக் காரோட முகப்பில்தான் பார்த்திருப்பீங்க. வால்டர் ஓவன் பென்ட்லி. சுருக்கமா டபிள்யூ.ஓ.

ரயில் பட்டறைப் பையன்

1888 செப்டம்பர் 16-ல் லண்டனில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. வசதியான குடும்பம்தான். ஆனா பையனுக்கு ஆசையெல்லாம் ரயில் என்ஜின் மேல். 16 வயதில் டான்காஸ்டர் ஊரில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சம்பளம் வாங்கிச் சேர்ந்த வேலை இல்லை. வீட்டில் பணம் கட்டிச் சேர்த்த பயிற்சி. ஐந்து வருஷம் வார்ப்பு, லேத், ஃபிட்டிங் எல்லாம் கையால் கத்துக்கிட்டார். ஓடுற என்ஜினில் கரி அள்ளிப் போட்டும் பழகினார்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கிங்ஸ் காலேஜில் தியரி படிச்சார். பிறகு லண்டனில் ஒரு டாக்சி கம்பெனியில் வண்டிகளைப் பராமரிக்கிற வேலை. நடுவில் மோட்டார் பைக் ரேஸ் பைத்தியம் வேறு. 1912-ல் அண்ணன் எச்.எம். பென்ட்லியோட சேர்ந்து, டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சு காரை இங்கிலாந்தில் விற்கும் ஏஜென்சியை வாங்கினார்.

கார் நல்ல காருதான். ஆனா வேகம் போதலை. விற்கணும்னா ரேஸில் ஜெயிக்கணும், ஜெயிக்கணும்னா என்ஜின் வேகமாகச் சுழலணும். அங்கதான் பிஸ்டன் குறுக்கே நின்னது.

1913, பாரிஸ் புறநகர்

அந்தக் காலத்தில் கார் பிஸ்டன்னா பெரும்பாலும் வார்ப்பிரும்பு, இல்லேன்னா ஸ்டீல். பிஸ்டன் மேலே போய் நின்னு, திரும்பிக் கீழே வரணும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. என்ஜின் வேகம் ரெண்டு மடங்கானா, அந்த நிலைம விசை நாலு மடங்காகும்னு நாம டைனமிக்ஸ் பேப்பர்ல எழுதிட்டு வந்திருக்கோம். கனமான பிஸ்டனோட வேகத்தைக் கூட்டினா கனெக்டிங் ராடும் பேரிங்கும்தான் அடி வாங்கும்.

1913-ல் பாரிஸை ஒட்டின கூர்பவாவில் இருந்த டி.எஃப்.பி. தொழிற்சாலைக்குப் பென்ட்லி போயிருந்தார். அங்கே ஒரு மேஜையில் பேப்பர் வெயிட் ஒண்ணு இருந்தது. சின்ன பிஸ்டன் வடிவம், அலுமினியத்தில் வார்த்தது. அழகுக்கு வெச்ச பொருள், அவ்வளவுதான். அந்த மேஜையை எத்தனையோ பேர் கடந்து போயிருப்பாங்க. பென்ட்லி அதைக் கையில் எடுத்தார். எவ்வளவு லேசு! இதையே நிஜ என்ஜினுக்குள்ள போட்டா என்ன?

கேள்வி சின்னதுதான், ஆனா பயம் நியாயமானது. அலுமினியம் உருகுறது 660 டிகிரி செல்சியஸில். சிலிண்டருக்குள்ள எரியுற வாயுவோட வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். போதாததுக்கு, சூடானா அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். சிலிண்டருக்குள்ளேயே இறுகிப் பிடிச்சுக்கும்னு பயம். தூய அலுமினியம் மெத்துனு இருக்கும், அடி தாங்காது.

பென்ட்லி போட்ட கணக்கு வேற. இரும்போட அடர்த்தி 7-க்கு மேல, அலுமினியம் 2.7. அது எடைக்கு. அதைவிடப் பெரிய விஷயம் வெப்பம். அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிடச் சுமார் மூணு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வாயு எவ்வளவு சூடா இருந்தாலும், பிஸ்டன் தலையில் விழுற வெப்பம் உடனே சிலிண்டர் சுவருக்கு ஓடிடுது; உலோகம் உருகுற நிலைக்கு வர்றதே இல்லை. இரும்பு பிஸ்டனைவிட இதோட தலை குளிர்ச்சியாகவே இருக்கும். அதனால் எரிபொருள் தானா முன்கூட்டியே பத்திக்கிற தொல்லை குறையும், கம்ப்ரஷனையும் ஏத்தலாம். விரிவுக்குச் சிலிண்டர் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வெச்சா போதும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் டக் டக்னு சத்தம் வரும், சூடானதும் அடங்கிடும். பலத்துக்கு 88 சதவீதம் அலுமினியம், 12 சதவீதம் செம்பு. இப்படித்தான் அவர் பிஸ்டன் வார்க்க வெச்சார். இன்னைக்கு நம்ம பைக் பிஸ்டன்ல செம்புக்குப் பதிலா சிலிக்கான் அதிகம். மத்தபடி கதை அதேதான்.

1914-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் டூரிஸ்ட் டிராஃபி ரேஸ். மத்த கார்களோட என்ஜின் எல்லாம் ரொம்பப் பெரிசு. பென்ட்லி ஓட்டினது 2 லிட்டர் டி.எஃப்.பி. ஆறாவதாக வந்தார். ஜெயிக்கலை. ஆனா இந்தச் சின்னக் கார் எப்படி முடிச்சதுன்னு எல்லாருக்கும் ஆச்சரியம். ரகசியம் சிலிண்டருக்குள்ள இருந்தது. அவர் யாருக்கும் சொல்லவும் இல்லை.

ரகசியத்தைக் கொடுத்தவர்

அதே வருஷம் முதல் உலகப் போர் வந்தது. கையில் இருக்கிற ரகசியத்துக்கு வியாபாரத்தில் எவ்வளவு மதிப்புன்னு பென்ட்லிக்குத் தெரியும். இருந்தும் அவரே கடற்படையின் விமானப் பிரிவுக்குப் போய்ச் சொல்லிட்டார். அங்கிருந்த அதிகாரி அவரை என்ஜின் கம்பெனிகளுக்கு அனுப்பினார். டெர்பியில் ரோல்ஸ் ராய்ஸ், பிறகு சன்பீம். ரோல்ஸ் ராய்ஸோட ஈகிள் விமான என்ஜினில் அலுமினியப் பிஸ்டன் ஏறியது இப்படித்தான். 1919-ல் ஆல்காக்கும் பிரவுனும் எங்கும் நிக்காம அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அவங்க விமானத்தில் இருந்தது ரெண்டு ஈகிள் என்ஜின்.

அடுத்து அவருக்கு வந்தது கிளர்ஜே என்ற ரோட்டரி என்ஜின். அதில் கிராங்க் ஷாஃப்ட் அசையாது. சிலிண்டர் எல்லாம் ப்ரொப்பெல்லரோட சேர்ந்து சுத்தும். சுத்தும்போது சிலிண்டரோட முன் பக்கத்தில் காத்து நல்லா அடிக்கும், பின் பக்கத்தில் அடிக்காது. ஒரு பக்கம் குளிர்ந்து ஒரு பக்கம் கொதிச்சா வட்டம் வட்டமா இருக்காது. வளையம் உடையும், என்ஜின் நிக்கும். நடு வானத்தில் என்ஜின் நின்னா பைலட் கதி என்னன்னு சொல்ல வேண்டாம். பென்ட்லி சிலிண்டரையே அலுமினியத்தில் செஞ்சு, உள்ளே வார்ப்பிரும்பு லைனர் போட்டார். வெப்பம் சுத்திலும் சமமா பரவியது. பி.ஆர்.1 என்ற அந்த 150 குதிரைத்திறன் என்ஜின் சாப்வித் கேமல் விமானங்களில் ஏறியது. கிளர்ஜேயோட விலை 907 பவுண்டு, இதோட விலை 605. அடுத்த பி.ஆர்.2 230 குதிரைத்திறன் வரைக்கும் போனது.

போர் முடிஞ்சதும் அரசு அவருக்குப் பட்டமும் 8,000 பவுண்டு பரிசும் கொடுத்தது. ஆனா 1914-ல் கல்யாணம் செய்துகொண்ட மனைவி லியோனி, 1919-ல் உலகத்தையே வாட்டின அந்த ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனார். அதே வருஷம்தான் பென்ட்லி மோட்டார்ஸும் பிறந்தது.

சொந்தப் பேரில் கார்

லண்டன் பேக்கர் தெரு பக்கத்தில் ஒரு சந்து. அங்கே 1919 அக்டோபரில் முதல் 3 லிட்டர் என்ஜினை ஓட்டிப் பார்த்தாங்க. நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு நாலு வால்வு, ரெண்டு ஸ்பார்க் பிளக், மேலே கேம் ஷாஃப்ட். 1919-ல் இது! அலுமினியப் பிஸ்டன் உண்டுன்னு தனியா சொல்லணுமா? ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு, அதனால் ஹெட் கேஸ்கெட் போகிற பேச்சே இல்லை.

லீ மான் 24 மணி நேர ரேஸில் 1924-ல் ஒரு தடவை. பிறகு 1927, 1928, 1929, 1930-னு தொடர்ந்து நாலு தடவை ஜெயிச்சது பென்ட்லி. 1929-ல் முதல் நாலு இடமும் பென்ட்லிதான்.

இதில் ஒரு வேடிக்கை. இன்னைக்குப் பழைய பென்ட்லின்னா எல்லாரும் போஸ்டர் ஒட்டுறது, முன்னாடி சூப்பர்சார்ஜர் துருத்திக்கிட்டு நிக்கிற புளோயர் காரைத்தான். பார்க்க அவ்வளவு கம்பீரம். ஆனா அந்தக் கார் லீ மானில் ஒரு தடவைகூட ஜெயிக்கலை. டபிள்யூ.ஓ.வுக்கு அது சுத்தமா பிடிக்கலை. என்ஜினுக்குக் காத்தை வலுக்கட்டாயமா திணிக்கிறதைவிட என்ஜினைப் பெரிசாக்கு என்பது அவர் கட்சி. ஜெயிச்சது அவர் சொன்ன வழியில் வந்த ஸ்பீட் சிக்ஸ்.

பேரையே விற்ற கதை

ரேஸில் ஜெயிச்ச கம்பெனி கல்லாவில் ஜெயிக்கலை. 1920-களின் நடுவிலேயே பணம் தீர்ந்து, வூல்ஃப் பர்னாட்டோ என்ற பணக்காரர் கையில் கம்பெனி போயிருந்தது. 1930-ல் அவங்க 8 லிட்டர் காரைக் கொண்டு வந்தப்போ உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். 100 கார்தான் செஞ்சாங்க. 1931-ல் கம்பெனி திவால்.

நேப்பியர் கம்பெனி வாங்கப் போகுதுன்னு கிட்டத்தட்ட முடிவாகி, பென்ட்லி அவங்களோட அடுத்த காரைப் பத்தி யோசிக்கவே ஆரம்பிச்சுட்டார். கோர்ட்டில் யாருக்கும் தெரியாத ஒரு டிரஸ்ட் அதிக விலை கேட்டு வாங்கிடுச்சு. அந்த டிரஸ்டுக்குப் பின்னாடி யார்னு அப்புறம்தான் அவருக்குத் தெரிஞ்சது. ரோல்ஸ் ராய்ஸ். போர்க் காலத்தில் பிஸ்டன் ரகசியத்தை எந்த வாசலில் கொண்டு போய்க் கொடுத்தாரோ, அதே வாசல்.

கம்பெனியோட அவரோட ஒப்பந்தமும் சேர்ந்து போச்சு. அவர் பேர் தாங்கின கார் வெளியே வந்தது. அதை வடிவமைக்கிற மேஜையில் அவருக்கு இடம் இல்லை. 1935-ல் ஒப்பந்தம் முடிஞ்சதும் லகோண்டா கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் செஞ்ச வி12 கார்கள் 1939 லீ மானில் மூணாவது, நாலாவது இடம் பிடிச்சது. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் புதுக் காருக்கு லகோண்டா அவர் பேரைச் சேர்த்து வைக்கப் பார்த்தது. ரோல்ஸ் ராய்ஸ் கோர்ட்டுக்குப் போச்சு, லகோண்டா தோத்தது. அப்பா அம்மா கொடுத்த பேரை, தான் செஞ்ச காரில் போட அவருக்கு உரிமை இல்லை. ஆனா அவர் மேற்பார்வையில் உருவான அந்த 2.6 லிட்டர் என்ஜின்தான் பிறகு ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2-க்குள்ள போனது. முகப்பில் வேற பேரு, உள்ளே இவர் வேலை.

1971 ஆகஸ்ட் 13-ல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. காரோட மூக்கில் இருந்த பேர் இன்னொருத்தர் சொத்தாகி 40 வருஷம் ஆகியிருந்தது. ஆனா அன்னைக்கு உலகத்தில் ஓடின கார், பைக் பெரும்பாலானதுக்குள்ள அலுமினியப் பிஸ்டன் மேலும் கீழும் ஓடிக்கிட்டிருந்தது. அதில் யார் பேரும் எழுதலை.

பாலிஷ் போடுறது தப்புன்னு நான் சொல்ல வரலை. பிஸ்டன் தலையைக் கண்ணாடி மாதிரி ஆக்கினா கரி ஒட்டுறது குறையும். கனெக்டிங் ராடில் கீறல் இல்லாம தேய்ச்சா விரிசல் தொடங்க இடம் கிடைக்காது. ஆனா பக்கவாட்டையும் சிலிண்டர் உள்சுவரையும் வழவழன்னு ஆக்கினா ஆயில் நிக்காது, என்ஜின் பிடிச்சுக்கும். எங்கே பளபளக்கணும், எங்கே வரி இருக்கணும்னு தெரிஞ்சு தேய்க்கிறதுதான் வேலை. எங்களுக்குத் தெரியலை.

இந்த செமஸ்டர் இன்னொரு பழைய பிஸ்டன் தேடிக்கிட்டிருக்கோம். இந்தத் தடவை வாட்டர் பேப்பர் எடுக்கிறதுக்கு முன்னாடி தராசில் வைக்கப் போறோம். எச்.ஓ.டி. ரூமுக்குப் போறவங்க, அங்கே இருக்கிற பேப்பர் வெயிட்டை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்க. முகம் தெரியுதான்னு பார்க்காதீங்க; எவ்வளவு லேசா இருக்குன்னு பாருங்க.