பயிற்சி முடித்த பின்னும் மாணவனாக இருந்தவர்

கேகாலை மாவட்டத்தின் தெரணியகலை, தேயிலையும் இறப்பரும் விளையும் மலைச்சரிவுப் பிரதேசம். அங்குள்ள லயன்களில் மனு எழுதித் தர ஒருவரைத் தேடிப் போவது பல குடும்பங்களுக்குப் பழகிய காரியம். பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்தவும், ஊழியர் சேமலாப நிதியைப் பெறவும், காணித்துண்டு கேட்கவும் எழுதத் தெரிந்த இன்னொருவர் வேண்டும். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி ஆணைக்குழுக்களின் முன் நின்ற வடக்கு, கிழக்குத் தாய்மாருக்கும் இந்த நிலை தெரியும். தன் இழப்பைத் தானே எழுத முடியாதவரின் கதையைப் பிறர் சுருக்கி எழுதிவிடுவார்கள்.

அப்படியானால், எழுதக் கற்பிக்கும் ஆசிரியருக்கு யார் கற்பிப்பது? இந்தக் கேள்வியோடு சுவாமி விபுலானந்தரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கலாம். துறவியாகவும் 'யாழ் நூல்' தந்த அறிஞராகவும் அவரை அறிவோம். பயிற்றப்பட்ட ஆசிரியராக அவரை நாம் அதிகம் நினைப்பதில்லை.

1892 மார்ச் 27இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படித்தார். 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்து, சிறிது காலத்திலேயே ஆசிரியராகவும் ஆனார். 1911இல் கொழும்பு சென்று ஆசிரியர் பயிற்சி பெற்றார். அக்காலத்தில் பலருக்கு இதுவே போதுமான தகுதி. அவர் அதோடு நிற்கவில்லை. கொழும்பிலேயே விஞ்ஞானம் படித்து 1916இல் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார்.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த அவர், 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் உருவான காலமும் அதுதான். அதன் தொடக்கப் பணிகளில் அவருக்கும் பங்குண்டு. அச்சங்கம் நடத்திய பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் பரீட்சைகள், பாடசாலையில் கற்பித்துக்கொண்டே படிக்க விரும்பிய தமிழாசிரியர்கள் பலருக்கு மேற்படிப்பாக அமைந்தன.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். அங்கே 'இராமகிருஷ்ண விஜயம்' தமிழ் இதழையும் 'வேதாந்த கேசரி' ஆங்கில இதழையும் கவனித்தார். பிறர் எழுத்தைத் திருத்துவதும், தன் எழுத்தைப் பொதுவாசகருக்கு ஏற்ப அமைப்பதும் அன்றாட வேலையாயின. சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்துப் பார்த்த 'மதங்க சூளாமணி' 1926இல் நூலாக வந்தது. இலங்கை திரும்பியவர் மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணப் பகுதிகளில் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் தொடங்கியது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியிலும் முன்னின்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவியும் அவருக்கே கிடைத்தது. 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார்.

மறுஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும் தோட்டங்களை உரிய முறையில் எட்டவில்லை. எழுபதுகளில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு ஓடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள், அங்கும் போரின் நடுவே அகப்பட்டன. அவர்கள் கண்டதில் எழுதப்பட்டது கொஞ்சம்.

இன்று பட்டதாரி ஆசிரியர்களுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா இருக்கிறது. பல்கலைக்கழகங்களோடு தேசிய கல்வி நிறுவகமும் அதை நடத்துகிறது. தமிழில் பட்டம் பெற்றவருக்கு இலக்கணமும் இலக்கியமும் தெரியும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை வெற்றுத்தாளின் முன் தடுமாறும்போது என்ன செய்வது என்பது வேறொரு கல்வி. முதலில் பேசவிட்டு, பிறகு எழுதவிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டச் செய்து, மீண்டும் எழுதவைக்க வேண்டும். எழுத்துப்பிழைகளைச் சுழிப்பதற்கு முன் பிள்ளை சொல்ல வந்தது என்ன என்று கேட்க வேண்டும். கரும்பலகையில் உள்ள 'எனது பாடசாலை' கட்டுரையைப் பார்த்தெழுதுவதால் இது கைவராது. ஆசிரியரும் பயிற்சிக் காலத்தில் தானே எழுதி, பிறர் திருத்தக் கொடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

விபுலானந்தர் தெரணியகலைக்காக எழுதி வைத்த திட்டம் எதுவும் இல்லை. ஆனால் சான்றிதழ் கையில் வந்த பின்னும் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்த ஓர் ஆசிரியரின் வாழ்வு நம்முன் இருக்கிறது. அத்தகைய ஆசிரியர் ஒருவர் தோட்டத்துப் பாடசாலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் நிலைத்து நின்றால், லயத்துப் பிள்ளை தன் தாயின் மனுவைத் தானே எழுதும். தாய் சொன்னதில் ஒரு சொல்லும் குறையாமல் எழுதும்.