ஸாமுவேல் கிராம்ப்டன்

பொழுதுபோக்காக இல்லத்திலிருந்து நூல் நூற்பாரை நாம் கண்டிருக்கின்றோம். சென்ற கோடை விடுமுறையில் நாமும் தக்ளியொன்றைக் கையிலெடுத்துச் சுழற்றிப் பார்த்தோம். ஒரு முழம் நீளுமுன் நூல் பன்முறை அறுந்தது. ஒட்டிய இடமெல்லாம் முடிச்சும் தடிப்புமாயின. பொழுது போவதற்கு மாறாகப் பொறுமை போயிற்று. இத்துன்பத்தையே வயிற்றுப்பாட்டின் பொருட்டு நாடோறும் நுகர்ந்த ஓர் இளைஞர் அப்போது நம் நினைவிற்கு வந்தார். அவரே லங்காஷயரிற் பிறந்த ஸாமுவேல் கிராம்ப்டன். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

கிராம்ப்டன் 1753ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் நாள் போல்ட்டன் நகரையடுத்த ஒரு சிற்றூரிற் பிறந்தார். அக்காலத்து அந்நாட்டுக் குடியானவர் சிறிது நிலத்தை உழுதும், எஞ்சிய பொழுதில் வீட்டிலேயே நூற்றும் நெய்தும் பிழைத்தனர். தந்தையார் இவருடைய இளமையிலேயே இறந்தார். அதன்பின் தாயார் பெற்றி அம்மையே, காட்டிடை மாளிகை எனப் பொருள்படும் பெயருடைய ஒரு பழைய பெருமனையின் பகுதியிற் குடியிருந்து மகனை வளர்த்தார். அவர் தெய்வபக்தியும் கண்டிப்பும் ஒருங்கே உடையவர். அம்மனையில் கால் முடமான சிற்றப்பா ஒருவரும் இருந்தார். அவர் தம் அறையைவிட்டு வெளிவர இயலாதவர். ஞாயிறுதோறும் கோவில் மணியோசை கேட்டதும், தறியிலிருந்து இறங்கி, நல்ல மேலங்கி தரித்துக்கொண்டு, தனித்திருந்தே ஆராதனை முறையை வாசித்து முடிப்பார் என்பர். இத்தகைய தனிமையும் ஒழுங்கும் நிறைந்த மனையில் வளர்ந்தவர் பிற்காலத்துச் சந்தை வழக்கங்களை அறியாராயினமை வியப்பன்று.

பதினாறு வயதளவில் கிராம்ப்டன் எட்டுக் கதிர்கள் கொண்ட ஜென்னி என்னும் நூற்கருவியில் நூற்றுவந்தார். ஜென்னி ஹார்கிரீவ்ஸ் என்பவர் இயற்றியது. ஒரு கதிருடைய இராட்டைக்கு அது எவ்வளவோ மேலானதேயாயினும், அதில் நூற்ற இழை வலியற்றது; அடிக்கடி அறுவது. நாட்கணக்கான வேலை முடியாவிடின் தாயார் கடிந்துகொள்வார். அறுந்த இழையை ஒட்டியே இளமை கழிவதைக் கண்டு, அறாத நூலைத் தரும் பொறியொன்றைத் தாமே இயற்றத் துணிந்தார்.

1774 முதல் 1779 வரை ஐந்தாண்டுகள் இம்முயற்சி நடந்தது. பகலெல்லாம் நூற்றலும் நெய்தலும். இரவிற் பொறி வேலை. கையிலிருந்த கருவிகளோ மிகச் சில. கருவி வாங்கப் பணம் வேண்டி, தாமே செய்த பிடிலைக் கொண்டு போல்ட்டன் நாடகசாலையில் இரவொன்றுக்கு ஒன்றரை ஷில்லிங் கூலிக்கு வாசித்தார். நள்ளிரவில் அப்பழைய மனையில் விளக்கொளியும் ஓசையும் எழக்கண்ட அயலார், அங்கே பேய் உலவுகின்றதென்று அஞ்சினராம்.

அப்பொறியின் இயல்பைச் சிறிது கூறுவாம். பஞ்சுத் திரியை உருளைகளினிடையே செலுத்தி மெலிவித்தல் ஆர்க்ரைட்டின் பொறியிற் கண்ட முறை. ஜென்னியில் திரியைப் பற்றி இழுக்கும் சட்டமே நகரும். கிராம்ப்டன் கதிர்களையே சிறு சக்கரங்களுடைய வண்டியின்மேல் நிறுத்தினார். உருளைகள் திரியை விடவிட, வண்டி பின்னோக்கிச் செல்லும். இழை ஒருங்கே நீண்டும் முறுக்கேறியும் வரும். வண்டி திரும்புகையிற் கதிரிற் சுற்றிக்கொள்ளும். கைந்நூற்பவள் விரலால் மெல்லென இழுத்து முறுக்கும் நயமே இங்கு மரத்திற்கும் இரும்பிற்கும் வந்ததென்னலாம். இருவேறு பொறிகளின் கலப்பிற் பிறந்தமையின் இதற்குக் கோவேறு கழுதை என்னும் பொருளுடைய மியூல் என்ற பெயர் வழங்கலாயிற்று.

அவ்வாண்டிலேயே நெசவாளரும் நூற்போரும் வறுமையின் சீற்றத்தால் அச்சுற்றுப்புறங்களிற் பொறிகளை உடைத்துத் திரிந்தனர். கிராம்ப்டன் தம் பொறியைப் பகுதி பகுதியாகக் கழற்றி மனையின் மேற்பரணில் ஒளித்துவைத்தார். கலகம் அடங்கியபின் அதனை மீட்டும் பூட்டி, 1780இல் மணந்த மேரி பிம்லட் என்னும் மனைவியாரோடு நூற்கத் தொடங்கினார். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தலில் எத்துணை அடங்குமோ அதுவே நூலின் நம்பர். அவர் நூற்ற 40ஆம் நம்பர் நூல் ராத்தல் 14 ஷில்லிங்குக்கும், 60ஆம் நம்பர் 25 ஷில்லிங்குக்கும், 80ஆம் நம்பர் 42 ஷில்லிங்குக்கும் விலைபோயின. 80ஆம் நம்பரில் ஒரு ராத்தற் பஞ்சு ஏறக்குறைய 38 மைல் நீள்கின்றது. அதுகாறும் இத்துணை மெல்லிய நூல் நம் இந்திய மாதரின் விரல்களுக்கே உரியதாயிருந்தது. மஸ்லின் துணி ஈண்டிருந்தே கப்பலேறியது.

நூலைக் கண்ட வணிகர் மனையை முற்றுகையிட்டனர். ஏணி வைத்துச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தனர். காப்புரிமை பெறக் கைப்பொருள் இல்லை. பொறியை உடைப்பதா, வெளியிடுவதா என்னும் இரண்டே அவர்முன் நின்றன. நன்கொடை தருவதாக எண்பதின்மருக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட தாளை நம்பி அவர் பொறியைக் கொடுத்துவிட்டார். வந்துசேர்ந்த தொகை ஏறக்குறைய 60 பவுன். கையொப்பமிட்டவருட் சிலர் பொறியைக் கண்டபின் காசு தர மறுத்தனர்.

இது பெருங்கொடுமையே. ஆயினும் கிராம்ப்டனிடத்தும் குறையில்லை என்று நாம் கூறோம். செல்வரான ராபர்ட் பீல் தம் தொழிலிற் பங்கு தர முன்வந்தபோது மறுத்தார். யாவரையும் ஐயுறும் இயல்பு அவரிடத்து வளர்ந்தது. தாம் பழக்கிய வேலையாட்களைப் பிறர் ஆசைகாட்டி அழைத்துக்கொண்ட சினத்தில், தாம் புதிதாயமைத்த பஞ்சு சிக்கெடுக்கும் பொறியைக் கோடரியால் தாமே பிளந்தெறிந்தார். ஆயினும், ஒருமுறை ஏமாற்றப்பட்டாரை ஐயுறாதிருக்கச் சொல்லுதல் நமக்கு எளிது.

அவருடைய குழந்தைகளும் இத்தொழிலிலேயே வளர்ந்தனர். மூத்த மகன் நடக்கக் கற்ற சின்னாளிலேயே, ஆடையை இடுப்பளவு சுருட்டி, சவுக்கார நீரில் ஊறும் பஞ்சுத் தொட்டியில் இறக்கி மிதிக்கவிட்டனராம்.

1811இல் கிராம்ப்டன் தாமே ஊரூராய்ச் சென்று கணக்கெடுத்தபோது, நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மியூற் கதிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. அக்கணக்கோடு பார்லிமெண்டுக்கு விண்ணப்பித்தார். 1812 மே 11ஆம் நாள் பொதுச்சபையின் முன்கூடத்தில் நின்றிருக்கையில், பிரதமர் பர்ஸிவல் தமக்கு 20,000 பவுன் அளிக்க எண்ணியுள்ளார் என்பதைக் கேட்டு, நாணத்தால் ஒதுங்கிச் சென்றாராம். சில நொடிகளில் ஒருவன் பர்ஸிவலைச் சுட்டுக் கொன்றான். அடுத்த மாதம் சபை அளித்தது 5,000 பவுன். அதைக்கொண்டு தொடங்கிய வெளுப்புத் தொழிலும் பிறவும் நட்டத்தில் முடிந்தன. இறுதியில் நண்பர் சிலர் பொருள் திரட்டி, ஆண்டுக்கு 63 பவுன் கிடைக்குமாறு செய்தனர். 1827 ஜூன் 26ஆம் நாள் போல்ட்டனில் தம் இல்லத்திற் காலமானார்.

அவர் கண்மூடுதற்கு முன்பே அப்பொறியின் நூல் கப்பல்களில் நம் நாட்டிற்கு வந்திறங்கத் தொடங்கியிருந்தது. மகனைக் கடிந்த அவ்வன்னையின் இராட்டையும், கடல் கடந்திருந்த நம் பாட்டியரின் இராட்டையும் ஒருங்கே மூலைக்குப் போயின. தாம் நூற்ற நூல் அறாதிருக்க வேண்டுமென்று மட்டுமே விரும்பிய ஒருவர் இதனை எண்ணியிருப்பாரோ?

1862இல் போல்ட்டன் நகரத்தார் அவருக்கு வெண்கலச் சிலை நாட்டினர். ஊர்வலமும் வாத்தியமுமாக விழா நடந்தது. அவருடைய மைந்தர் ஜான் என்னும் முதியவர் அற்றைநாள் வறுமையிலிருந்தார். கூட்டத்தினிடையே அவரும் நின்றிருந்தார்.