சந்தையே பள்ளியான கதை

கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் 'அகோரா' என்னும் பழஞ்சந்தையின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. அச்சந்தையே பேரறிஞர் சாக்ரட்டீசின் பள்ளிக்கூடமாய் விளங்கியது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

கல்தச்சரின் மகனாகப் பிறந்த அவர் கட்டணம் வாங்கவில்லை. நூல் எதுவும் எழுதவில்லை. சைமன் என்னும் செருப்புத் தொழிலாளியின் கடையிலும் அமர்ந்து, கேள்விகள் கேட்டே இளைஞரைச் சிந்திக்கத் தூண்டினார் என்பர். அதனால் பகைவர் பெருகினர். இளைஞரைக் கெடுத்தார், நகரத்துத் தெய்வங்களை மதியார் எனக் குற்றஞ்சாட்டி, கி.மு. 399ஆம் ஆண்டில் அவருக்கு மரண தண்டனை விதித்தனர். தப்பிச்செல்ல நண்பர்கள் வழிசெய்தும் அவர் இசையவில்லை. நாட்டின் சட்டத்தை மீறலாகாது என்று நஞ்சை அமைதியாக அருந்தினார்.

அறியாததை அறியேன் என ஒப்புவதே அறிவின் வாயில் என்று வாழ்ந்து காட்டியவர் அவர். வகுப்பிலே ஐயம் கேட்க நாம் இனியும் நாணலாமா?