பந்தாட்ட ஆசான் பிரையண்ட் சரித்திரம்

அழிந்து கிடக்கும் ஒரு நிலையத்தை மீட்டெடுத்து நிறுத்துவது புதிதாக ஒன்றைக் கட்டுவதினும் அரிது. புதியதில் உற்சாகமுண்டு. பழுதுபட்டதிலோ பழிச்சொல்லும், பழைய பெருமையைச் சொல்லிப் பெருமூச்செறிவோரும், யாராற் கெட்டது என்னும் வழக்குமே மிகுதி. சங்கமும் பாடசாலையும் மாணவர் விடுதியும் நடத்திப் பழகிய நம் அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், இத்தொழிலையே வாழ்நாளெல்லாம் மேற்கொண்டு, நொடிந்துபோன கலாசாலைக் குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி நிறுத்திய ஒருவரின் சரித்திரத்தை இத்திங்கள் எழுதப் புகுந்தோம். அவர் அமெரிக்க நாட்டினர். பால் வில்லியம் பிரையண்ட் என்பது பெயர். அவர் காலமாகி நாற்பதாண்டுகள் கடந்தும், அந்நாட்டுத் தென்பகுதியில் அவர் பெயரறியாத சிறுவர் அரியர்.

அந்நாட்டார் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நம்மூர்ப் பிள்ளைகள் ஆடும் உதைபந்தன்று. பந்து நீண்டு இருமுனையும் கூர்த்திருக்கும். பெரும்பாலும் அதனைக் கையாற் பற்றிக்கொண்டு ஓடுவர், அல்லது எறிவர். பக்கத்துக்குப் பதினொருவர். நூறு கஜ நீளமுள்ள வெளியில், நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜமேனும் முன்னேறாவிடின் பந்து எதிரியின் கைக்குப் போகும். எதிர்த்தவனை மோதி வீழ்த்துதலே ஆட்டத்தின் உயிர். ஆகவே தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்தே களத்திலிறங்குவர். இவ்வாட்டம் அந்நாட்டுச் சர்வகலாசாலைகளின் மானமாக வளர்ந்துவிட்டது. பதினாயிரக்கணக்கானோர் கூடிக் காண்பர். ஆட வல்ல இளைஞருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துக் கல்வி பயிற்றுவர். வெல்லும் பயிற்சியாசிரியரைத் தெய்வமாக்குவர், தோற்பவரை ஓரிரண்டாண்டில் மூட்டை கட்டச் செய்வர்.

பிரையண்ட் 1913 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் நாள் ஆர்க்கன்ஸா மாகாணத்தில், மோரோ பாட்டம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு மக்கள் பன்னிருவர், இவர் பதினோராமவர். தந்தையார் நோயாளியாதலின் குடும்பப் பாரம் அன்னையார் ஐடாவின் தோளிலே கிடந்தது. கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் விளைபொருள்களை ஏற்றிக்கொண்டு, அருகிலுள்ள பார்டைஸ் என்னும் ஊரில் தெருத்தெருவாக அவ்வம்மையார் விற்றுவர, சிறுவரும் உடன் செல்வார். நகரப் பிள்ளைகள் அவ்வண்டியையும் அவர் உடையையும் கண்டு நகைத்தனர். அந்நகைப்பு அவர் நெஞ்சில் நெடுநாள் ஆறாத புண்ணாயிருந்தது; பின்னாளில் அவரைத் துரத்திக்கொண்டேயிருந்த வேகத்துக்கு அதனையே வித்தென்று யாம் கருதுகிறோம்.

பதின்மூன்று வயதளவில், ஊருக்கு வந்த ஒருவன் தன் கரடியோடு மல்லாடுவோருக்கு நிமிஷத்துக்கு ஒரு டாலர் தருவதாகப் பறையறைந்தான். பிரையண்ட் துணிந்து மேடையேறிக் கரடியைக் கட்டிப் பிடித்தார். ஆட்டம் முடிந்து கூலி கேட்கப் போனபொழுது கரடிக்காரனைக் காணோம். கிடைத்தது கரடி என்னும் பட்டப்பெயர் ஒன்றே. அது சாகுமட்டும் அவரை விடவில்லை.

உயர்தரப் பாடசாலையில் ஆட்டத்திற் சிறந்து, 1931 இல் அலபாமா சர்வகலாசாலையை அடைந்தார். ஆங்கே பிராங்க் தாமஸ் என்பவர் பயிற்சியாசிரியர். டான் ஹட்ஸன் என்னும் பேராற்றலுடையான் ஒரு முனையிலும் பிரையண்ட் மறுமுனையிலுமாக ஆடினர். ஹட்ஸன் புகழொளியில் இவர் மற்றை முனையாட்டக்காரர் என்றே குறிக்கப்பட்டார். அதற்கு அவர் வருந்தியதில்லை. 1935 இல் கால் எலும்பு முறிந்திருந்தும் டென்னஸி சர்வகலாசாலைக்கெதிராகக் களமிறங்கி ஆடினார். அவ்வாண்டே மேரி ஹார்மன் பிளாக் என்னும் நங்கையை மணந்தார்.

சில காலம் உதவியாசிரியராகவும், உலக யுத்தத்திற் கடற்படையிலும் பணியாற்றியபின், 1945 இல் மேரிலண்ட் சர்வகலாசாலையில் முதன்முதல் தலைமைப் பயிற்சியாசிரியரானார். முந்திய ஆண்டில் ஓராட்டமே வென்றிருந்த அக்குழு இவர் கீழ் ஆறு வென்றது. ஆயினும் ஓராண்டே அங்கிருந்தார். விதி மீறிய ஒரு மாணாக்கனை இவர் நீக்க, சர்வகலாசாலைத் தலைவர் இவரைக் கேளாமலே அவனை மீளச் சேர்த்துவிட்டார். அதிகாரமின்றிப் பொறுப்பு மட்டும் சுமப்பது தமக்காகாதென்று பிரையண்ட் விலகினார். மாணாக்கர் அவர் போகலாகாதென்று கிளர்ந்தும் கேட்டிலர். நிறுவனம் நடத்துவோர் இந்நிகழ்ச்சியைச் சற்றே நின்று நோக்குக.

அடுத்தது கெண்டக்கி. 1945 இல் இரண்டு வென்று எட்டுத் தோற்றிருந்த அக்குழு, 1946 இல் இவர் வந்த முதலாண்டிலேயே ஏழு வென்று மூன்று தோற்றது. 1950 இல் தென்கீழ்த்திசைக் கலாசாலைக் கூட்டத்தில் முதன்மை பெற்றது. அச்சர்வகலாசாலை அப்பெருமையை அடைந்தது அதுவே முதன்முறை. 1951 ஜனவரி முதல் நாள், முப்பத்தோராட்டங்கள் தொடர்ந்து வென்று செருக்குற்றிருந்த ஒக்லஹோமா குழுவை 13க்கு 7 என வென்றது. எட்டாண்டுகளில் அவர் ஈட்டிய வெற்றி 60. எனினும் அவ்வூரார்க்குக் கூடைப்பந்தே கண். அடால்ப் ரப் என்னும் கூடைப்பந்து ஆசான் நிற்குமிடத்தில் மற்றொரு மரம் வளர இடமில்லை. 1954 இல் அவர் டெக்ஸாஸ் விவசாய இயந்திரக் கலாசாலைக்குச் சென்றார்.

இங்கேதான் அவர் சரித்திரத்திற் புகழும் பழியும் பிணைந்த பகுதி வருகிறது. அக்காலத்தில் அது ஆடவர் மட்டுமே பயிலும், படைப்பயிற்சியோடு கூடிய கலாசாலை. குழு தளர்ந்திருந்தது. ஊரார் கண்ணுக்கும் பழைய மாணாக்கர் தலையீட்டுக்கும் எட்டாத ஓரிடத்தில் தம்மவரைச் சோதிக்க வேண்டுமென்றெண்ணி, 1954 செப்டம்பரில் ஜங்க்ஷன் என்னும் தொலைவான சிற்றூருக்கு அவர்களைப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றார். டெக்ஸாஸ் முழுதும் பல்லாண்டுப் பஞ்சத்தால் வறண்டிருந்த காலம். பரலும் நெருஞ்சிபோன்ற முள்ளும் நிறைந்த கட்டாந்தரை, நூறு பாகைக்கு மேற்பட்ட வெயில், தகரக் கொட்டகையில் உறக்கம், விடியுமுன் எழுச்சி. பயிற்சி நடக்கையில் தண்ணீர் கிடையாது. நீர் பருகுவது கோழைத்தனமென்று அந்நாட்களில் அந்நாட்டுப் பயிற்சியாசிரியர் பலர் நம்பியிருந்தனர். பத்து நாள் இது நடந்தது. இரவில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஊர் விட்டோடியவர் பலர். ஓரிளைஞன் வெயிலின் தாக்குதலால் உயிர் போகுந் தறுவாயிற் கிடந்து பிழைத்தான். இரண்டு பேருந்திற் போனவர் ஒன்றில் திரும்பினர் என்று இன்றும் சொல்வர். எஞ்சியவர் மூன்றிலொரு பங்கினரே.

ஆசிரியத் தொழில் செய்யும் யாம் இதனை எழுதுகையில் எம் கை தயங்குகிறது. மாணாக்கனைத் தன்னெல்லை அறியச் செய்வது ஆசான் கடமை. அவ்வெல்லைக்கப்பால் தள்ளுவது கடமையன்று. உழைக்கும் உடலுக்கு நீர் மறுத்தல் உயிர்க்கே கேடென்று இன்றைய வைத்திய சாஸ்திரம் ஐயமறக் கூறுகிறது. அவ்வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவன் இறந்திருந்தால், இச்சரித்திரத்தை எவரும் எழுதப் புகுந்திரார். தாம் செய்தது முழுதும் சரியென்று பிற்காலத்தில் பிரையண்டே சாதித்தாரல்லர்.

அவ்வளவு துன்பப்பட்டும் அவ்வாண்டு கண்ட பயன் யாது? ஒன்று வென்று ஒன்பது தோற்றனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவரது தலைமைப் பணியில், தோல்வி மிகுந்த ஆண்டு இஃதொன்றே. ஆயின் எஞ்சி நின்றவர் ஒருவரையொருவர் விட்டுக்கொடாதவராயினர். 1955 இல் ஏழு வென்றனர். 1956 இல் ஒன்பது வென்று, ஒன்றில் சமநிலையுற்று, தோல்வியேயின்றித் தம் கூட்டத்தில் முதன்மை எய்தினர். ஆயினும் மாணாக்கரைச் சேர்ப்பதில் விதிமீறல் நிகழ்ந்தமையால் தண்டனைக்குட்பட்டு, பருவ முடிவில் நடக்கும் பெருவிழா ஆட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமையை இழந்தனர். விரைந்து எழுப்பும் சுவரில் சாந்து சில இடங்களில் இளகி நிற்கும் போலும்.

இதற்கிடையே அவர் தாய்க் கலாசாலையாகிய அலபாமா தாழ்ந்துகொண்டே வந்தது. 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளில் வென்றவை நான்கு, தோற்றவை இருபத்துநான்கு, சமநிலை இரண்டு. 1955 இல் ஓராட்டமும் வென்றிலர். ஒருகாலத்தில் நாட்டின் முதன்மை பெற்றிருந்த குழுவின் நிலை இது. 1958 இல் அவர்கள் அழைக்க, பிரையண்ட் சென்றார். தாய் கூப்பிட்டால் பிள்ளை போகாதிருப்பதெங்ஙனம் என்பதே அவர் தம் பழைய மாணாக்கருக்குச் சொல்லிய சமாதானம்.

அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த இளைஞரைக் கூட்டி, சொன்னபடி உழைப்பீராயின் நீங்கள் இக்கலாசாலையை விட்டுப் போகுமுன் நாட்டின் முதன்மை பெறுவீர் என்றாராம். கேட்டவர் நகைத்திருக்கலாம். பழைய ஆட்டக்காரரிற் பலர் அவர் கடுமை தாளாது விலகினர். அவர் மாணாக்கர்க்கு விதித்தவற்றில் ஆட்டம் ஒரு பகுதியே. படிப்பைக் கைவிடாமை, பெரியோரிடம் பணிவு, வீட்டுக்குக் கடிதமெழுதுதல் ஆகியவற்றையும் வற்புறுத்தினார். களத்தருகே உயர்ந்த கோபுரம் ஒன்றமைத்து, அதன்மேல் நின்று யாவரையும் நோக்குவார். அவர் இறங்கி வரும் ஓசை கேட்டாலே கீழுள்ளோர் நெஞ்சு துடிக்கும். 1958 இல் ஐந்து வென்றனர். 1959 இல் ஏழு. 1960 இல் எட்டு. 1961 இல் பதினோராட்டமும் வென்று நாட்டின் முதன்மை பெற்றனர். பதினோராட்டத்திலும் எதிரிகள் எல்லாருமாகப் பெற்ற எண் இருபத்தைந்தே. அன்று புதியராய் வந்து அவர் சொற்கேட்டவரே இன்று மூத்தவராய் நின்று ஆடினர்.

அவருள் பாட் டிராமல் என்பவர் குழுவை நடத்திய தலைவர். பிரையண்டுக்குப் பிள்ளைபோன்றவர். பின்னர் வைத்தியம் பயின்று தேறியும், 1968 இல் புற்றுநோயால் இருபத்தெட்டு வயதிலேயே மறைந்தார். அக்கடுங்கோபக்காரர் வாய்விட்டழுத நாள் அது.

ஒழுங்கில் அவர் வல்லார் மெல்லார் என்று பாராட்டவில்லை. 1963 இல் ஜோ நேமத் என்பவரே குழுவின் உயிர்நாடி. மதுவிலக்கு விதியை மீறினாரென்று, எஞ்சியிருந்த இரண்டாட்டங்களிலும் அவரை விலக்கினார். தோற்றால் தம் தலைமேல் விழுமென்பதறிந்தே செய்தார். இரண்டிலும் குழு வென்றது. நேமத்தும் தண்டனையை ஏற்று, திருந்தி, மறுவருஷம் வந்தாடினார். 1964, 1965 ஆண்டுகளிலும் அலபாமா முதன்மை பெற்றது.

இனிச் சொல்லவேண்டுவது கசப்பானது. அக்குழுவில் கறுப்பினத்தார் ஒருவரும் இல்லை. 1963 ஜூனில் மாகாணத் தலைவர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பின மாணாக்கர் இருவர் உள்ளே நுழையாதபடி சர்வகலாசாலை வாயிலிலே வந்து நின்றார். மத்திய அரசாங்கத்தின் படை வந்தபின்னரே விலகினார். வகுப்புக் கதவு அவ்வாறு திறந்தபின்னும் ஆடுகளத்தின் கதவு ஏழாண்டு திறக்கவில்லை. வாலஸுக்கு அடுத்தபடியாக அம்மாகாணத்தில் செல்வாக்குடையவராயிருந்த பிரையண்ட் ஒரு சொற் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. 1969 இல் கறுப்பின மாணாக்கர் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். காலம் கனியட்டுமென்று காத்திருந்தார் என்று அவருக்காகப் பேசுவோர் கூறுவர். காத்திருப்பவன் வெளியே நிற்பவனாயின் அந்நியாயம் அவனுக்கு விளங்குமோ? ஒரு கூட்டத்தார் தம் நலம் நாடிச் சேர்வது வேறு. பிறரை வாயிலில் நிறுத்துவது வேறு. ஒரு ஜாதிச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதும் யாம் இதனைச் சொல்லாது கடந்து செல்லலாகாது.

1969, 1970 ஆண்டுகளில் குழு மீண்டும் தளர்ந்தது. ஆண்டுக்கு ஆறே வெற்றி. அவர் காலம் முடிந்ததென்றனர். 1970 செப்டம்பர் 12 இல், தென் கலிபோர்னியாக் குழு பர்மிங்காமில் வந்து 42க்கு 21 என வென்றது. சாம் கன்னிங்காம் என்னும் கறுப்பின இளைஞர் 135 கஜம் ஓடி மலையாய் நின்றார். அன்று வில்பர் ஜாக்ஸன் என்னும் கறுப்பின மாணாக்கர் அலபாமாவின் உபகாரச் சம்பளம் பெற்று முன்னரே சேர்ந்திருந்தார். முதலாண்டு மாணாக்கர் ஆடலாகாதென்னும் விதியால் களத்திலிறங்க முடியவில்லை. அவ்வாட்டத்துக்குப்பின் எதிர்த்தவர் வாய்கள் அடங்கின.

ஐம்பத்தேழு வயதில், தாம் கற்றவற்றையெல்லாம் பிரையண்ட் மறுபடி புதுக்கினார். டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் ஆசான் டாரல் ராயலிடம் ஒரு மாணாக்கனைப்போலச் சென்று, அவர் கையாண்ட புதிய ஆட்டமுறையைக் கற்றுவந்தார். 1971 கோடையில் அதனைத் தம் குழுவுக்கு மறைவாகப் பயிற்றினார். அவ்வாண்டு செப்டம்பர் 10 இல், அதே தென் கலிபோர்னியாக் குழுவை அவர் ஊரிலேயே 17க்கு 10 என வென்றனர். அன்று களத்தில் நின்றவருள் ஜான் மிட்செல் ஒருவர். அலபாமாவுக்கு ஆடிய முதற் கறுப்பினத்தார். அவரே 1972 இல் துணைத் தலைவருமாகி, 1973 இல் அக்குழுவின் உதவிப் பயிற்சியாசிரியருமானார். 1973, 1978, 1979 ஆண்டுகளில் முதன்மை மீண்டும் வந்தது. ஆக ஆறு முறை.

கட்டமிட்ட தொப்பி அவருக்கு அடையாளம். ஆயினும் கூரையிட்ட அரங்கில் ஆட்டம் நிகழுங்கால் வெறுந்தலையோடே நிற்பார். கூரையின்கீழ்த் தொப்பி அணியலாகாதென்பது அன்னையார் கற்பித்த மரியாதை. வண்டியில் உடன் சென்ற நாளிற் கேட்டதாயிருக்கலாம்.

1981 நவம்பர் 28 இல் ஆபர்ன் குழுவை வென்று 315 ஆவது வெற்றியை அடைந்து, முதியவர் ஸ்டாக் நிறுத்தியிருந்த 314 என்னும் எல்லையைக் கடந்தார். 1982 டிசம்பர் 29 இல் மெம்பிஸ் நகரில் கடைசியாட்டம். அதுவும் வெற்றி, 323 ஆவது. ஓய்வு பெற்ற இருபத்தெட்டாம் நாள், 1983 ஜனவரி 26 இல், மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது அறுபத்தொன்பது. டஸ்கலூஸாவிலிருந்து பர்மிங்காம் வரை, உடல் சென்ற நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மக்கள் குழந்தைகளைத் தோளிற் சுமந்து நின்றனர். கறுப்பரும் வெள்ளையரும் கலந்தே நின்றனர்.

முதன்மைக்காகப் பெற்ற மோதிரங்கள் அவரிடம் பலவிருந்தன. 1979 இல், ஜங்க்ஷனிலே எஞ்சி நின்ற மாணாக்கர் இருபத்தைந்தாண்டு கழித்து அவ்வூரிலேயே கூடி, அவரை அழைத்து ஒரு மோதிரம் அளித்தனர். ஒன்றே வென்று ஒன்பது தோற்ற ஆண்டின் மோதிரம் அது. அவர் விரலில் இருந்தது அஃதொன்றே என்றும், அதனோடே அவரை அடக்கம் செய்தனர் என்றும் கூறுவர்.