அடைக்கலம் பெற்றவர் அளித்த அடைக்கலம்

நாடிழந்து வேற்றுமண்ணில் ஒதுங்கியோரைத் தமிழில் அகதி என்கிறோம். ஏதிலி என்றும் எழுதுகிறோம். முன்னது போக்கிடம் அற்றவர் எனப் பொருள்படும். பின்னது அயலாரைக் குறித்த ஏதிலார் என்னும் பழஞ்சொல்லின் வழிவந்தது. ஒரே மனிதர்தாம், அவர் பக்கம் நின்று நோக்கின் அகதி, ஊரார் பக்கம் நின்று நோக்கின் ஏதிலி. இவ்விரு பார்வைக்கும் இடைப்பட்ட தொலைவைத் தம் வாழ்நாளிலேயே கடந்து காட்டியவர் அல்ஜீரியா தந்த அமீர் அப்துல் காதிர்.

1808-ஆம் ஆண்டு மஸ்காரா நகருக்கு அருகே பிறந்தவர் அமீர். தந்தை முஹ்யித்தீன், காதிரிய்யாத் தரீக்காவின் தலைவர். தமிழகத்து முஸ்லிம் குடும்பங்களில் இன்றும் ஒலிக்கும் இவ்விரு பெயர்களையும் ஒருசேரக் கேட்கும்போது, அந்தத் தொலைநாடு நமக்கு அத்துணை அயலாகத் தோன்றுவதில்லை. இளமையிலேயே தந்தையாருடன் ஹஜ்ஜுப் பயணம் மேற்கொண்டு, டமாஸ்கஸ், பக்தாது நகரங்களையும் கண்டு திரும்பினார். 1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. 1832-இல் குலத்தலைவர்கள் கூடி இவ்விளைஞரைத் தம் அமீராகத் தேர்ந்தனர். அப்போது அவருக்கு வயது 24.

அடுத்த பதினைந்து ஆண்டுகளின் போர்க்கதையை விரித்துரைப்பின் ஒரு நூலாகும். 1834-இலும் 1837-இலும் பிரான்சு அவருடன் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது என்பதே அவர்தம் ஆற்றலுக்குச் சான்று. கைதிகளைப் பரிவுடன் நடத்தியவர் எனப் பகைவரும் அவரை மதித்தனர். 1841-இல் அல்ஜியர்ஸ் ஆயர் துய்ப்புஷ் வேண்டியவாறு கைதிகள் பரிமாற்றத்துக்கு இசைந்தார். அன்று அரும்பிய நட்பு பின்னாளிலும் நிலைத்தது. எனினும் 1846-இல், அமீர் உடனில்லாத வேளையில், அவருடைய முகாமில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டனர். அப்பழியும் அவர் வரலாற்றில் ஒட்டியே நிற்கின்றது; அதனை மறைத்து அவரைப் புகழ்தல் முறையன்று.

1847 டிசம்பரில், அக்கா நகருக்கோ அலெக்சாந்திரியாவுக்கோ அனுப்பப்படுவார் என்னும் உறுதிமொழியின் பேரில் அமீர் படைக்கலம் துறந்தார். அவ்வுறுதி காற்றில் பறந்தது. குடும்பத்தாரும் தொண்டரும் சூழத் தூலோன், போ, அம்புவாஸ் எனப் பிரெஞ்சு மண்ணிலேயே ஐந்தாண்டுகள் சிறைவைக்கப்பட்டார். அம்புவாஸ் கோட்டைத் தோட்டத்தில் இருபத்தைந்து கல்லறைகள் உள்ளன. அங்கே மடிந்த அவருடைய சுற்றத்தார் அவற்றில் உறங்குகின்றனர். ஆயினும் அச்சிறைவாசம் எதிர்பாராத ஒன்றையும் விளைத்தது. பகைவராக அறிந்தவரைக் காணப் பிரெஞ்சு மக்கள் திரளாக வந்தனர். போர்வீரரும் பாதிரிமாரும் அவருடன் உரையாடி, மதிப்புடன் மீண்டனர். ஆயர் துய்ப்புஷ் அவருக்காக வாதாடி நூலே எழுதி வெளியிட்டார். 1852-இல் லூயி நெப்போலியன் அவரை விடுவித்து, ஆண்டுதோறும் உதவித்தொகையும் வழங்கச் செய்தார்.

முதலில் துருக்கியின் பூர்சா நகர். அங்கே மொழியே சுவராயிற்று. துருக்கி பேசும் ஊரில் அரபு பேசும் கூட்டம் ஒட்டாமல் நின்றது. 1855-இல் நிலநடுக்கம் அந்நகரைச் சிதைக்கவே, சீறாப்புராணம் திமஸ்கு எனக் கூறும் டமாஸ்கஸ் நகருக்குத் தம் மக்களுடன் பெயர்ந்தார். அவருடைய பழைய துணைத்தலைவர் அஹ்மது பின் ஸாலிம் தலைமையில் முன்னரே அல்ஜீரியர் சிலர் அங்கே குடியேறியிருந்தனர். உமய்யாப் பள்ளிவாசலில் அமீர் பாடம் நடத்தினார். இப்னு அரபியின் பெருநூலைப் பிழையறப் பதிப்பிக்க விரும்பி, நூலாசிரியர் கைப்படியோடு ஒப்புநோக்க அறிஞர் இருவரைக் கோன்யாவுக்கு அனுப்பினார். மொழியும் கல்வியும் பொதுவாயிருந்தும், பிரெஞ்சுப் பணத்தில் வாழும் வந்தேறிகள் என்னும் ஐயக்கண் அல்ஜீரியர்மீது இருந்தே வந்தது.

1860-இல் லெபனான் மலையில் துரூசியருக்கும் மாரோனியக் கிறித்தவருக்கும் போர் மூண்டது. எரிந்த ஊர்களிலிருந்து தப்பிய கிறித்தவர் ஆயிரக்கணக்கில் டமாஸ்கஸ் வந்து, தம் சமயத்தார் வாழும் பகுதியில் நெருக்கியடித்துத் தங்கினர். 1856-ஆம் ஆண்டின் உதுமானிய ஆணை எல்லாச் சமயத்தாருக்கும் சம உரிமை வழங்கியதால் எழுந்த புகைச்சலும், ஐரோப்பிய வணிகத்தால் கைத்தொழிலாளர் அடைந்த நலிவும் நகரில் முன்னரே கனன்றிருந்தன. நிலைமையை உணர்ந்த அமீர் ஆளுநரையும் நகரப் பெரியோரையும் எச்சரித்தார். தம் மக்களுக்குப் படைக்கலம் திரட்டவும் முற்பட்டார். ஜூலை 9-ஆம் நாள் தீ பற்றிற்று.

கும்பல் கிறித்தவர் பகுதியைச் சூறையாடிக் கொளுத்தியது. உதுமானியப் படைவீரர் பலர் தடுக்காது நின்றனர், சிலர் கொள்ளையிலும் கலந்தனர். அல்ஜீரியரோ தெருத்தெருவாகச் சென்று, ஒளிந்திருந்தோரைத் தேடி அமீரின் இல்லத்துக்கு அழைத்து வந்தனர். அயல்நாட்டுத் தூதர்கள், பாதிரிமார், கன்னியர், அவர்தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகள் எனப் பலரும் அங்கே வந்து சேர்ந்தனர். காயமுற்ற மருத்துவர் மீகாயீல் மிஷாக்காவும் அவருள் ஒருவர். அந்நாட்களைப் பற்றிப் பின்னர் எழுதிவைத்தவரும் அவரே. இல்லம் நிரம்பியதும் மக்களைக் கூட்டங்கூட்டமாகக் காவலுடன் நகரக் கோட்டைக்கு அனுப்பினார். அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்குமாறு கும்பல் வாசலில் வந்து கூவியபோது, அமீர் தாமே எதிர்சென்று மறுத்தார். அவர் காட்டிய நியாயம் அவர்களும் ஏற்றிருந்த ஷரீஅத்தின் நியாயமே: குற்றமற்ற உயிரைக் கொல்லல் பாவம், அடைக்கலப் பொருளைக் கைவிடல் இழிவு. கிறித்தவரைத் தேடிக் கொணர்வோர்க்குத் தலைக்கு இவ்வளவு எனப் பணமும் அளித்தார். கொலைவெறிக்கு எதிரே காசின் ஆசையை நிறுத்திய இவ்வுத்தி, அறிவுரையினும் அன்று மிகுதியாகப் பயன்பட்டிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

அவர் வழியாக உயிர்தப்பியோர் பல்லாயிரவர். பன்னீராயிரம் என்றும் சொல்வர். நகர மக்கள் அனைவரும் கொடியோர் என இதனால் கொள்ளலாகாது. மைதான் பகுதி முஸ்லிம்கள் தம் அண்டைக் கிறித்தவரைத் தாமே காத்தனர். அமீரின் புகழொளியில் அவர்களை மறந்துவிடுதல் நன்றியன்று.

பிரான்சும் உருசியாவும் கிரேக்கமும் போப்பாண்டவரும் விருதுகள் அனுப்பினர். ஆபிரகாம் லிங்கன் கைத்துப்பாக்கிகளை அன்பளிப்பாக விடுத்தார். தாமும் தோற்றுக் கைதியாயிருந்த காக்கேசியத் தலைவர் இமாம் ஷாமில் பாராட்டி மடல் எழுதினார். சிரியாவுக்கு அவரையே அரசராக்கலாம் என ஐரோப்பாவில் சிலர் பேசியபோது அமீர் அதனை நாடவில்லை; பாடமும் வழிபாடுமாகவே காலங்கழித்தார்.

1883 மே மாதம் டமாஸ்கஸில் வஃபாத்தாகி, இப்னு அரபியின் அடக்கத்தலத்திலேயே நல்லடக்கம் செய்யப்பெற்றார். விடுதலை பெற்ற அல்ஜீரியா 1966-இல் அவருடைய எச்சங்களைத் தாயகத்துக்கு எடுத்துச் சென்றது. குடும்பத்தார் பலரோ டமாஸ்கஸிலேயே வேரூன்றினர். 1918 செப்டம்பர் இறுதியில் உதுமானியர் நகரை விட்டகன்று, புதிய படை நுழையுமுன், ஆளுவோரின்றி நகர் தத்தளித்த வேளையில், பொறுப்பேற்று ஒழுங்கு காத்தவர் அமீரின் பேரர் ஸயீத் அல்ஜஸாயிரி. அல்ஜீரியர் என்று பொருள்படும் அப்பெயரைத் தாங்கியவாறே அவர் அந்நகரத்தவராக ஆகியிருந்தார்.