யானைக்கால் நோய்க்கு மாத்திரை தந்த சுப்பாராவ்: மெட்ராஸில் எம்.பி.பி.எஸ். கிடைக்காத டாக்டரின் கதை

யானைக்கால் நோய்னாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது வீங்கிய கால்தான். ஆனால் ஆண்களுக்கு இதே நோய் விதைப்பையையும் தாக்கும். விரைவீக்கம் என்று சொல்லப்படும் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வருஷக்கணக்கில் லுங்கிக்குள் மறைத்தே வாழ்ந்தவர்கள் ஏராளம். இந்த நோய்க்கு மாத்திரை வரக் காரணமானவர்களில் முக்கியமானவர், மெட்ராஸில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

யார் இவர்?

1895 ஜனவரி 12-ல், அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியின் அழைப்பை ஏற்று ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி அணிந்து போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கைக்கு வந்தது.

பிறகு அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். உடலின் ஆற்றலுக்கு அடிப்படையான ஏ.டி.பி. பற்றிய ஆய்வில் முக்கியப் பங்கு இருந்தும், அங்கே உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

மாத்திரை எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்கள் பலருக்கு யானைக்கால் கிருமி தொற்றியது. காலைவிட அவர்களைப் பயமுறுத்தியது விதைப்பையில் வந்த வலியும் வீக்கமும்தான். அதுவரை இருந்த ஆர்சனிக், ஆன்டிமனி மருந்துகளில் நச்சுத்தன்மை அதிகம். சுப்பாராவ் தலைமையிலான குழு, வாயால் விழுங்கக்கூடிய டி.இ.சி. மருந்தை 1947-ல் அறிவித்தது. மறு ஆண்டே, 53 வயதில் அவர் இறந்துபோனார்.

உள்ளே என்ன நடக்கிறது?

கொசு மூலம் நுழையும் புழுக்கள், விதைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர்க் குழாய்களில் தங்கிவிடும். விதையைச் சூழ்ந்த உறைக்குள் நீர் தேங்கி, உறையின் சுவர் தடிக்கும். ஆபரேஷனில் எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சில நேரம் புழுவின் மிச்சமும் அதைச் சுற்றி ஈசினோஃபில் அணுக்களும் தெரியும்.

ஆனால் எல்லா வீக்கமும் யானைக்கால் நோய் இல்லை. காசநோய், விதை முறுக்கிக்கொள்வது, புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். திடீரென கடுமையாக வலித்தால் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போயாக வேண்டும். முறுக்கிக்கொண்ட விதையைக் காப்பாற்ற அவகாசம் அவ்வளவுதான்.

டி.இ.சி. ரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளைக் குறைத்து, நோய் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே பெரிதாகிவிட்ட விரைவீக்கத்துக்கு ஆபரேஷன்தான் வழி. அதனால்தான் நோய் இல்லாதவர்களுக்கும் அரசு வீடு வீடாக இந்த மாத்திரையைக் கொடுத்தது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞருக்கும் விஷயம் இதுதான்: வீக்கம் தெரிந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டணும். சுப்பாராவின் மாத்திரை உதவுவதும் சீக்கிரம் வருபவர்களுக்குத்தான்.