ராஜா ரவி வர்மா: அரண்மனை ஓவியம் நம்ம வீட்டு பூஜை அறைக்கு வந்தது எப்படி?

மதுராந்தகம் பக்கம் ஏதாவது ஒரு வீட்டு பூஜை அறையை எட்டிப் பார்த்தால், தாமரை மேல் நிற்கும் லட்சுமியோ, வீணையோடு அமர்ந்த சரஸ்வதியோ கண்ணில் படலாம். புடவை கட்டி, நகை போட்டு, நமக்குத் தெரிந்த பெண் மாதிரியே இருக்கும் அந்த முகங்களை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ராஜா ரவி வர்மா. யார் இவர்?

பார்த்தே கற்றவர்

1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். 14 வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாளின் ஆதரவு கிடைத்தது. ஆனால் ஆயில் பெயின்டிங் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அந்த வித்தை தெரிந்த அரசவை ஓவியர், மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். 1868-ல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனோ, தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார்.

எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். அதனால் வெளிச்சத்தையும் நிழலையும் இழைத்து, தோலையும் துணியையும் நிஜம் போலக் காட்ட முடியும். அதை ரவி வர்மா பார்த்தும், தானே முயன்றும் பிடித்துக்கொண்டார்.

திருப்பம் தந்த சென்னை

1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. 1876-ல், சகுந்தலை காதல் கடிதம் எழுதும் ஓவியத்தை அன்றைய சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவே வாங்கினார்.

முள் எடுக்கும் சகுந்தலை

1898-ல் வரைந்த இன்னொரு சகுந்தலை இன்னும் பிரபலம். தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலில் முள் குத்தியதுபோல் பாதத்தைத் தூக்கி, திரும்பிப் பார்க்கிறாள். அவள் தேடும் துஷ்யந்தன் படத்திலேயே இல்லை. காளிதாசனின் நாடகம் தொடங்குவது கோடையில். அங்கே அவள் காலில் குத்துவது தர்ப்பைப் புல். ஓவியத்திலோ பச்சைப் பசேல் என்ற காடு அவளைச் சூழ்ந்திருக்கிறது. இது இப்போது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் உள்ளது.

ரவி வர்மாவின் பல ஓவியங்களில், உருவத்துக்குப் பின்னால் உள்ள இயற்கைக் காட்சியில் தம்பி சி. ராஜ ராஜ வர்மாவின் கையும் உண்டு. 12 வயது இளையவரான அவர், நிலக்காட்சி வரைவதில் தேர்ந்தவர். அண்ணனோடு ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார், டைரியும் எழுதினார். பெரும்புகழ் என்னவோ அண்ணனுக்குத்தான் போனது.

அச்சகம் ஏன்?

பரோடா மன்னருக்காக வரைந்த 14 புராண ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. அரண்மனைக்குள் போக முடியாதவர்களுக்கும் இந்தப் படங்கள் வேண்டும் என்பது தெளிவானது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவ ராவ், ஓவியங்களை அச்சிடும் யோசனையை முன்பே சொல்லியிருந்தார்.

1894-ல் மும்பையில் ஜெர்மன் இயந்திரங்களோடு அச்சகம் தொடங்கியது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லில் படத்தைத் தயார் செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடும் முறை இது. படங்கள் வீடு வீடாகப் போயின. ஆனால் தொழில் நஷ்டத்தில் போக, ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் அச்சகத்தை விற்க வேண்டி வந்தது.

விமர்சனமும் மதிப்பும்

1904-ல் ஆங்கிலேய அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் தந்தது. 1905-ல் தம்பி இறந்தார். 1906 அக்டோபர் 2-ல் ரவி வர்மாவும் மறைந்தார். இவர் ஐரோப்பிய பாணியைக் காப்பி அடித்தவர் என்று சுதேசி காலக் கலை விமர்சகர்கள் குறை சொன்னார்கள். ஆனால் 1979-ல் இந்திய அரசு அவரது படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்து, வெளிநாடு போவதைத் தடுத்தது. 2023-ல் அவரது யசோதை–கிருஷ்ணர் ஓவியம் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது.

அசல் ஓவியம் இன்னைக்கும் கோடீஸ்வரர்களுக்குத்தான் எட்டும். அதன் அச்சுப் பிரதி மட்டும், அவர் ஆசைப்பட்டபடியே, சாதாரண வீட்டுச் சுவரில் சாமியாகத் தொங்குகிறது.